ஜெம் கிளிப்பும் சுவர்க் கடிகாரமும்

போன மாதம் எங்கள் வீட்டில் வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிப்பு என்பது சுவரோடு நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் பிரம்மசாரிகளாகத்தான் இருக்க வேண்டும். என் மேஜை டிராயர்களையும் கவிழ்த்துச் சுத்தம் செய்தால்தான் ஆயிற்று என்று என் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். கவிழ்த்தேன். மை வற்றிய பால்பாயிண்டுப் பேனாக்கள் பதினேழு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் நாலு, கண்ணாடி இல்லாத மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்று, இவற்றோடு ஜெம் கிளிப்புகள் ஒரு குவியல். எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினொன்று!

"முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்துச் சேர்த்த சொத்து இதுதானாக்கும்!" என்றாள் அவள்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆபீஸிலிருந்து ஒரு கிளிப்பைக்கூட நான் எடுத்துக்கொண்டு வந்தவன் அல்ல. அவை தாமாகவே வந்தவை. சட்டைப் பையில் ஒன்று, சம்பள ரசீதோடு ஒன்று, மதியச் சாப்பாட்டுப் பையில் எப்படியோ ஒன்று என்று ஏறிக்கொண்டு வந்துவிடும். பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்காமல் பிரயாணம் செய்வதில் ஜெம் கிளிப்புக்கு நிகரான ஆசாமி கிடையாது.

காகிதங்களைச் சேர்த்துப் பிடிப்பதுதான் அதன் தொழில் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். எங்கள் ஆபீஸில் நூறு கிளிப் வாங்கினால் முப்பது கிளிப் காகிதத்துக்குப் போனால் அதிகம். மற்றவை காது குடைய, பல் குத்த, பொத்தான் அறுந்த சட்டையின் மானத்தைக் காப்பாற்ற, செருப்பு வாரைக் கட்ட, நகத்து அழுக்கெடுக்க என்று பலவிதமான பொதுச் சேவைகளில் ஈடுபட்டு உயிரை விடும். மேலதிகாரி கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது, கிளிப்பை நிமிர்த்தி, பிறகு கோணலாக்கி, பிறகு ஒடிப்பது குமாஸ்தாக்களுக்கு ஒரு யோகாப்பியாசம். இப்போது என் பேரன் அதற்கு ஒரு புதுத் தொழில் கண்டுபிடித்திருக்கிறான். கிளிப்பை நிமிர்த்திக் கைப்பேசியின் விலாவில் உள்ள ஊசித் துளையில் ஒரு குத்துக் குத்துகிறான். உடனே சிம் கார்டு நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வருகிறது. பல ஆயிரம் ரூபாய் யந்திரம் ஒரு துண்டுக் கம்பிக்குக் கட்டுப்படுவதைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி.

நான் வேலையில் சேர்ந்த 1983-ல் எங்கள் செக்ஷனில் குண்டூசியின் ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது. குண்டூசி பொல்லாதது. மனுவைப் புரட்டுகிறவன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் வாங்காமல் விடாது. எங்கள் பழைய பைல்களில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால், ஏதோ குறிப்பு என்று எண்ணிவிட வேண்டாம்; முன்னோர்கள் சிந்திய ரத்தம் அது. அப்புறம் தாராளமாக ஜெம் கிளிப் வந்தது. 'அப்பாடா, அகிம்சை வந்துவிட்டது' என்று நாங்கள் மூச்சு விட்டோம். அந்தச் சாதுவினால் என்ன விளைந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குள் சாதுவின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு கிளிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுமார் நாலு அங்குலக் கம்பி. மூன்றே வளைவு. திருகாணி இல்லை, கீல் இல்லை, பசை இல்லை. எஃகுக் கம்பியைக் கொஞ்சம் வளைத்தால் அது முன் நிலைக்கே திரும்பப் பார்க்கும். ரொம்ப வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். இந்த இரண்டாவது குணத்தினால் கிளிப்புக்கு உருவம் கிடைக்கிறது. முதல் குணத்தினால் அது காகிதத்தைக் கவ்விப் பிடிக்கிறது. எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அவ்வளவு வேகத்தோடு திரும்ப இழுக்கும் என்று இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக் என்பவர் 1678-ல் எழுதி வைத்தார். அவர் சொன்னதைக் காகிதக் கட்டில் செய்து காட்டுவதற்கு இருநூறு வருஷம் ஆயிற்று. மலிவான எஃகுக் கம்பியும், அதை மளமளவென்று வளைக்கும் யந்திரமும் வர வேண்டியிருந்ததல்லவா?

சரி, இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? இங்கேதான் வேடிக்கை. யாருக்கும் தெரியாது! பிரிட்டனில் ஜெம் என்ற பெயருடைய கம்பெனி ஒன்றுதான் இதை 1870-களில் முதலில் விற்றிருக்க வேண்டும் என்று நம்புகிறார்கள். அதனால்தான் நமக்கு இது ஜெம் கிளிப். ஸ்வீடன் தேசத்திலோ வெறும் 'ஜெம்' என்று சொன்னாலே கிளிப் என்று அர்த்தம். ஆனால் ஜெம் கிளிப்புக்கு யாரும் பேடண்ட் வாங்கி வைக்கவில்லை. 1899-ல் அமெரிக்காவில் வில்லியம் மிடில்புரூக் என்பவர் ஒரு பேடண்ட் கேட்டார். கிளிப்புக்கு அல்ல, கிளிப் செய்யும் யந்திரத்துக்கு! அந்த வரைபடத்தில் ஒரு ஜெம் கிளிப்பும் போட்டிருந்தது, 'இதுதான் எல்லோருக்கும் தெரியுமே' என்கிற மாதிரி.

அதே சமயத்தில் நார்வே தேசத்தில் யோஹான் வாலர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு உத்தியோகம் பேடண்ட் ஆபீஸில். பிறத்தியாரின் கண்டுபிடிப்புகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்ததோ என்னவோ, தாமும் ஒரு கம்பியை வளைத்து, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் 1901-ல் பேடண்ட் வாங்கிவிட்டார். ஆனால் அவருடைய கிளிப்பில் உள்வளைவு இல்லை. அந்தக் கடைசிச் சுற்று இல்லாததால் காகிதத்தைச் செருகவும் கஷ்டம், செருகினால் நிற்கவும் கஷ்டம். அதை யாரும் வாங்கவில்லை. 1910-ல் அவர் காலமாகிவிட்டார். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1940-ல் ஹிட்லரின் படை நார்வேக்குள் புகுந்தது. தங்கள் அரசருடைய சின்னத்தைச் சட்டையில் அணிவதற்குத் தடை வந்தபோது, ஜனங்கள் கோட்டு மடிப்பில் ஒரு ஜெம் கிளிப்பைச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். 'நாங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறோம்' என்று அதற்கு அர்த்தம். கிளிப் குத்தியவனையும் பிடித்து உள்ளே போடலாம் என்கிற நிலைமை வந்தது. யுத்தத்துக்குப் பிறகு, 'அடடா, கிளிப்பைக் கண்டுபிடித்தவரே நம்மவர்தானாமே!' என்று ஒரு பேச்சுப் பரவியது. கலைக்களஞ்சியங்கள்கூட அதை எழுதின. 1989-ல் ஆஸ்லோ நகரத்துக்கு அருகே வாலரின் ஞாபகார்த்தமாக ஆள் உயரத்தைப்போல் நாலு மடங்கு உயரத்தில் ஒரு கிளிப்பை நட்டார்கள். 1999-ல் தபால் தலையும் போட்டார்கள். நட்டதும் சரி, தபால் தலையில் அச்சிட்டதும் சரி, வாலரின் கிளிப் அல்ல. உள்வளைவோடு கூடிய சாட்சாத் ஜெம் கிளிப்!

ஒருவருடைய பெயரை வேறொருவருடைய பொருளோடு சேர்த்துப் பிடித்துவிட்டது கிளிப். அந்த நார்வேக் கதையை முதன்முதலாகப் படித்தபோது, என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். எனக்கு மட்டும் முதுகில் சில்லென்றது. ஏனென்றால் ஜெம் கிளிப்பின் இந்தத் துர்க்குணம் எனக்குச் சொந்த அநுபவம்.

எந்தத் துர்க்குணம் என்கிறீர்களா? மேஜைமேல் காகிதங்கள் குவிந்து கிடக்கின்றன. மேலே இருக்கும் கட்டுக்கு ஒரு கிளிப் போட்டிருக்கிறீர்கள். கிளிப்பின் பெரிய வளைவு அடியில் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கட்டை மேஜைமேல் இப்படியும் அப்படியும் நகர்த்துகிறீர்கள். கீழே கிடக்கும் சம்பந்தமில்லாத காகிதம் ஒன்று நைஸாக அந்த வளைவுக்குள் நுழைந்துகொள்கிறது. கட்டை எடுத்து அடுத்த மேஜைக்கு அனுப்பிவிடுகிறீர்கள். அவ்வளவுதான்! ஒரு பாவமும் அறியாத அந்தக் காகிதம் ஊர் பேர் தெரியாத பைலோடு ஓடிப்போய்விடுகிறது.

1990-ம் வருஷம் ஜூன் மாதம். ஒரு ஜில்லாத் தலைநகரில் நான் ஜூனியர் அசிஸ்டெண்ட். எங்கள் இலாகாவில் இராக் காவலராக இருந்தவர் அந்த வருஷ ஆரம்பத்தில் இறந்துபோனார். குடும்பப் பென்ஷனுக்கும், சேர வேண்டிய பணத்துக்கும் காகிதங்கள் தயார் செய்யும் பொறுப்பு என் மேஜைக்கு வந்தது. அவருடைய மனைவி, நாற்பது வயதுக்குள் இருப்பாள், கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஒவ்வொரு காகிதமாகக் கொடுத்தாள். மரணச் சான்றிதழ் வந்தது. போட்டோ வந்தது. தாசில்தார் கையெழுத்துப் போட்ட வாரிசுச் சான்றிதழும் வந்தது.

வந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது நான் சொன்னது வேறு. கட்டைச் சேர்த்து மேலே அனுப்பும் சமயத்தில் பார்த்தால் வாரிசுச் சான்றிதழைக் காணோம். டிராயரில் இல்லை, பீரோவில் இல்லை, குப்பைக் கூடையிலும் கையை விட்டுப் பார்த்தாயிற்று. அடுத்த முறை அவள் வந்தபோது, "வாரிசுச் சான்றிதழ் நீங்க இன்னும் குடுக்கலையேம்மா" என்றேன்.

"குடுத்தேனுங்க ஐயா. ஒங்க கையிலதான் குடுத்தேன்."

"குடுத்திருந்தா இங்கே இருக்குமே?"

இந்தக் கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. சர்க்கார் ஆபீஸில் காகிதம் காணாமல் போகும் என்பதை அவளால் நம்ப முடியாததால் அல்ல. அதை என்னிடம் சொல்லக் கூடாது என்று தெரிந்ததால். எங்கள் சூப்பரின்டெண்டெண்ட் நல்ல மனுஷர்தான். "ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கப்படாதோ?" என்று அவளைக் கேட்டார். அவளுக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. வேறு சான்றிதழ் வாங்கி வரச் சொன்னோம். ஏற்கெனவே கொடுத்தாயிற்றே, அது எங்கே என்று அங்கே கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே.

எங்கள் ஆபீஸில் எதற்கெடுத்தாலும் 'திங்கட்கிழமை வா' என்று சொல்வது வழக்கம். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தாள். என் ஜன்னலுக்கு எதிரே வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் பெரிய சுவர்க் கடிகாரம். காலையில் வந்து பெஞ்சில் உட்காருவாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாக எழுதுவேன். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாலே முக்காலுக்கு அவளுடைய ஊருக்குக் கடைசிக்கு முந்தின பஸ். அதைவிட்டால் ராத்திரிதான். நாலரை அடித்ததும் எழுந்து போய்விடுவாள். பத்து மாதம் இப்படி நடந்தது.

என் மனசில் அப்போது என்ன இருந்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பாதி நாள் அவள் கொடுக்கவில்லை என்றே நானும் நம்பினேன். ஒரு பொய்யை ஒரு மேஜையில் உட்கார்ந்து பத்து மாதம் சொன்னால், அது பைலில் ஏறிவிடுகிறது. 'மனுதாரர் வாரிசுச் சான்றிதழ் சமர்ப்பிக்கவில்லை' என்று என் கைப்பட எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேனே!

1991 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. மத்தியானம் அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். பென்ஷன் விஷயம் என்று நினைத்து, நிமிராமலே "அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்தேன்.

"அதில்லீங்க ஐயா. கடியாரம் நின்னுபோச்சுங்க."

பார்த்தேன். பதினொன்றே காலில் நின்றிருந்தது. அப்போது மணி இரண்டுக்கு மேல். ஆபீஸில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். எல்லோர் கையிலும் கடிகாரம் இருந்தது. சுவர்க் கடிகாரம் நின்று மூன்று மணி நேரமாகியும் ஒருவரும் கவனிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜீவன் அந்த ஆபீஸில் அவள் ஒருத்திதான்.

சூப்பரின்டெண்டெண்டிடம் சொன்னேன். அவர் கணக்கில் புலி. "போன வருஷம்தானே ரிப்பேர் பண்ணினோம்? ரிப்பேர்காரன் ஒரு வருஷம் உத்தரவாதம் எழுதிக் கொடுத்தானே! அந்தப் பைலை எடுங்கள்" என்றார். கடிகார ரிப்பேர் பைல் 1990 ஜூலையில் முடிந்து ரிக்கார்டு ரூமுக்குப் போயிருந்தது. அற்ப விஷயமான பைல்களை 'எல்.டிஸ்.' என்று போட்டு முடித்து வைப்போம். ஒரு வருஷம் வைத்திருந்து அழித்துவிட வேண்டியது. கடிகாரம் இன்னும் மூன்று மாதம் ஒழுங்காக ஓடியிருந்தால் உத்தரவாதமும் தீர்ந்திருக்கும்; பைலும் சாம்பலாகியிருக்கும்.

அட்டெண்டர் தூசி தட்டிக்கொண்டு கொண்டுவந்து போட்டார். மொத்தம் ஆறு காகிதம். ஒரு ஜெம் கிளிப். மதிப்பீடு, பில், ரசீது, உத்தரவாதச் சீட்டு... புரட்டினேன். கடைசிக் காகிதத்துக்கும் பின்னால், கிளிப்பின் வெளிவளைவில் மாட்டிக்கொண்டு, மடங்காமல் கசங்காமல், தாசில்தாரின் முத்திரையோடு இருந்தது வாரிசுச் சான்றிதழ். மழைக்காலத்து ஈரத்தில் கிளிப் துருப்பிடித்து, காகிதத்தின் தலையில் தன் உருவத்தை அப்படியே பதித்திருந்தது. கடிகார பில்லை அந்த ஜூன் மாதத்தில் சரிபார்த்துக் கட்டியவன் யார்? மூலையில் சுருக்கெழுத்தாக இருந்த கையெழுத்து என்னுடையதுதான்.

"இப்பத்தான் கிடைச்சுதுன்னு சொல்லிடுங்க. எங்கே கிடைச்சுதுன்னு சொல்ல வேண்டாம்" என்றார் சூப்பரின்டெண்டெண்ட், மெதுவாக. என் நன்மைக்குத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு விதமாகப் பேசிவிட்டது. "நீங்க குடுத்ததும்மா. என்கிட்டதான் இருந்திருக்கு. நான்தான் தப்பான பைல்லே சேர்த்து அனுப்பிட்டேன்" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்றும் எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. காகிதத்தை வாங்கி இரு கையாலும் பிடித்துப் பார்த்தாள். துருக் கறையை விரலால் தடவினாள்.

"இந்தக் கறை இருந்தா வாங்கிக்குவாங்களா, ஐயா?" என்று கேட்டாள்.

வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்டில் உத்தரவு வந்தது, நிலுவையும் வந்தது. பணம் வாங்க வந்த அன்று மகனையும் அழைத்து வந்திருந்தாள். எட்டாவது படித்துக்கொண்டிருந்த பையனாம். நடுவில் நிறுத்தி ஒரு சைக்கிள் கடையில் விட்டிருந்தாள். விரல் நகங்களில் கிரீஸ் இருந்தது. "இனிமே பள்ளிக்கூடம் போகலாமே, தம்பி" என்றேன். அவன் சிரித்தான். போகவில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து என் மேஜையில் கிளிப்புக்கு இடம் கிடையாது. காகிதத்தில் துளை போட்டு, இரண்டு முனையிலும் தகரக் குச்சி வைத்த டேக் நூலைக் கோத்துக் கட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். புதிதாக வந்த பிள்ளைகள் எனக்கு 'டேக் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். திறந்தால், மூலையில் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு கிளிப் நிற்கிறது! மைக்ரோஸாப்ட் கம்பெனிக்காரர்கள் 1997-ல் தங்கள் ஆபீஸ் மென்பொருளில் இந்தக் கிளிப் பொம்மையைக் குடிவைத்தார்கள். நாம் 'ஐயா' என்று தட்டுவதற்குள், கடிதம் எழுதுகிறீர்களோ, ஒத்தாசை வேண்டுமோ என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்கும். உலகம் முழுவதும் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டு, 2007-ல் அடியோடு போய்ச் சேர்ந்தது. போயும் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது மின்னஞ்சலில் எதையாவது இணைத்து அனுப்ப வேண்டுமானால் எந்தப் படத்தைத் தட்டுகிறோம்? அதே ஜெம் கிளிப்! 1992 மார்ச்சில் நதானியேல் போரன்ஸ்டைன் என்பவர் மின்னஞ்சலோடு படத்தையும் பாட்டையும் இணைத்து அனுப்பிக் காட்டினார். தாமும் நண்பர்களுமாக நாலு பேர் சேர்ந்து பாடிய பாட்டு அது. அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம்.

இதிலும் நான் தப்பவில்லை. 'இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு இணைக்காமல் அனுப்பியது எத்தனையோ தடவை. ஆனால் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே கேட்கிறது: இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர், ஒன்றையும் காணோமே, அப்படியே அனுப்பட்டுமா என்று. அது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வராந்தா பெஞ்சு ஞாபகம் வந்துவிடும்.

2019-ல் எனக்கு ஓய்வு. கடைசி நாள் மாலை. மாலை, சால்வை, மிக்சர், காபி எல்லாம் முறைப்படி நடந்தன. என் பென்ஷன் உத்தரவின் நகலைப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு பக்கம். தலையில் பளபளவென்று ஒரு ஜெம் கிளிப். "எல்லாம் சரியா இருக்கு சார், நானே பார்த்துட்டேன்" என்றாள்.

கட்டைத் திருப்பினேன். பின்னால் ஐந்தாவதாக ஒரு காகிதம் இருந்தது. யாரோ ஓர் அம்மாள், காலமான கணவருடைய பென்ஷன் விஷயமாக எழுதிய மனு.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளிப்பைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு, மனுவை எடுத்துக்கொண்டு, தபால் செக்ஷனுக்கு நடந்தேன். மணி ஐந்து அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. ரிஜிஸ்டரில் பதிந்து எண் போட்டுக் கொடுக்கும்வரை அங்கேயே நின்றேன்.

இருநூற்றுப் பதினொன்றில் அந்த ஒரு கிளிப் மட்டும் நானாக எடுத்துக்கொண்டு வந்தது.